ஊர் மரம் யார் மரம்?

சாலையோரத்து மருதமரம் ஒன்று. அதன் அடிப்பட்டையைச் சீவுகிறார்கள். வெள்ளை வண்ணம் தீட்டுகிறார்கள். வண்ணத்தின்மீது ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கிறான் ஊரான். என்ன பொருள் அந்த எண்ணுக்கு? மரம் எண்ணப்பட்டுவிட்டது என்று பொருள். எதற்காக எண்ணினார்கள்? வெட்டுவதற்காக! மனிதன் பிறந்தால் பதிவேடு உண்டு. நிலத்துக்குப் பட்டா உண்டு. வண்டிக்கு எண் உண்டு. ஊருக்குப் பொதுவாய் நின்று தலைமுறை தலைமுறையாய் நிழல் தந்த மரத்துக்கோ, சாகப்போகும் நாளில்தான் எண் கிடைக்கிறது. உயிரோடு நின்றவரை அது எந்தக் கணக்கிலும் இல்லை; பிணமாகும் நாளில்தான் ஏட்டில் ஏறுகிறது!

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலை நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டபோது, வீழ்ந்த மரங்களை வழிநெடுகக் கண்டோம். சாலை வேண்டாம் என்போர் அல்லர் நாம். சாலை வந்தால் பேருந்து வரும். பேருந்து வந்தால் பள்ளி அருகில் வரும். பேறுகால வலியில் துடிக்கும் தாய் பொழுதோடு மருத்துவமனை போய்ச் சேர்வாள். மாட்டுவண்டித் தடத்தைப் பழம்பெருமை என்று போற்றும் கூட்டம் நம்முடையது அன்று. நாம் கேட்பது வேறு. வீழ்ந்த மரங்கள் யாருடையவை? வீழ்த்துமுன் ஊரைக் கேட்டார்களா? கேட்டிருந்தாலும், “எங்கள் எல்லைக்குள் இத்தனை மரங்கள், இன்ன வகை, இன்ன வயது” என்று எடுத்துக்காட்ட எத்தனை ஊர்களிடம் ஏடு இருக்கும்?

ஏடு இல்லாத சொத்து எவனும் எடுத்துக்கொள்ளும் சொத்து. ஊர்மரத்தை ஊர் எண்ணிப் பதிந்து, ஊர் பேணி, ஊர் பொறுப்பேற்காத வரையில், அது பெயருக்குப் பொது, உண்மையில் அனாதை. இதைத்தான் சொல்ல வந்தோம். சொன்னவுடன் மறுக்க வருகிறார்கள் மூவர். முதலில் வருகிறார் பக்தர்.

“பகுத்தறிவு பேசி மரத்தைக் காக்க முடியுமா? அரசமரத்தடியிலே ஒரு பிள்ளையாரை வையுங்கள். வேம்புக்கு ஒரு மஞ்சள் துணியைக் கட்டுங்கள். பிறகு எவன் கோடரி தூக்குவான், பார்ப்போம்!” என்கிறார் அவர். அவர் சொல்வதில் அரை உண்மை இருக்கிறது. சாமிக்கு அஞ்சிக் கை ஓங்காதவர்கள் உண்டு. சாத்தா கோயிலைச் சுற்றி வெட்டாமல் விட்ட காடுகளும் உண்டு. மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் மறு பாதியையும் பார்க்க வேண்டாமா?

நெல்லையப்பர் கோயிலில் மூங்கில் தலமரம். இந்த ஊரே ஒரு காலத்தில் வேணுவனமாக, மூங்கிற்காடாக இருந்தது என்று தலபுராணம் சொல்கிறது. புராணம் சொன்ன காடு எங்கே? மதிலுக்குள்ளே மூங்கிலுக்கு மரியாதை. மதிலுக்கு வெளியே காடு இருந்த சுவடே இல்லை! குற்றாலத்திலே ஒரு குறும்பலா, ஆழ்வார்திருநகரியிலே ஓர் உறங்காப்புளி என்று கோயிலுக்கு ஒரு மரத்தைப் போற்றிய பக்தி, ஊருக்கு ஒரு தோப்பு என்று போற்றக் கற்றுக்கொடுத்ததா? அச்சம் காப்பது அச்சத்துக்குரிய ஒன்றை மட்டுமே. பக்கத்து மரத்தில் சாமி இல்லையென்றால், பக்கத்து மரத்துக்குக் காவலும் இல்லை. காரையாற்றுக் காட்டுக்குள்ளே சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே திரளும் பெருங்கூட்டத்திடமிருந்து அந்தக் காட்டைக் காக்க வனத்துறை கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருக்கிறது. காட்டைக் காத்த சாமி, தன்னைக் காண வருவோரிடமிருந்து காட்டைக் காக்கவில்லை!

அச்சம் இருபுறமும் கூரான கத்தி. தெய்வம் குடியிருக்கிறது என்று ஒரு மரத்தைக் காக்கச் சொல்லும் அதே வாய், முனி குடியிருக்கிறது என்று இன்னொரு மரத்தை வெட்டச் சொல்லும். வேம்பு அம்மனாகிறது, பக்கத்தில் நிற்கும் புளி பேயாகிறது. மரத்தின் தலையெழுத்தைப் பூசாரியின் நாக்கிலே எழுதி வைப்பதா காவல்?

பழைய மூடநம்பிக்கைக்குப் புதிய சட்டையும் மாட்டிவிட்டார்கள். “அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடுகிறது; ஆகவேதான் முன்னோர் அதைச் சுற்றச் சொன்னார்கள்” என்று படித்தவர்களே பேசித் திரிகிறார்கள். இலை ஆக்சிஜன் விடுவது வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே. இருளில் மரமும் நம்மைப்போல் ஆக்சிஜனை உள்ளிழுத்துக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அரசும் அதற்கு விலக்கன்று. மரத்தைப் புகழப் பொய் எதற்கு? அதன் நிழல் பொய்யா? அதன் வேர் கரையைப் பற்றி நிற்பது பொய்யா? அதன் கிளையில் பறவை கூடு கட்டுவது பொய்யா? உண்மையே போதும்.

அச்சத்தால் மரம் காத்த கதை நமக்குப் புதிதன்று. சங்க காலத்து அரசர்களுக்குக் காவல்மரம் இருந்தது. நன்னன் என்பவனின் காவல்மரம் ஒரு மா. அதன் காய் ஆற்றில் விழுந்து மிதந்து வந்தது. குளிக்கப் போன சிறுபெண் அதை எடுத்துத் தின்றுவிட்டாள். அதற்கு ஈடாக எண்பத்தொரு யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று மன்றாடியும் கேளாமல், அந்தப் பெண்ணைக் கொன்றான் நன்னன். குறுந்தொகையில் பரணர் பதிந்து வைத்த பழி அது. அதுவும் மரப்பாதுகாப்புத்தான்! மரம் பிழைத்தது, மனிதம் செத்தது. அத்தகைய காவல் நமக்கு வேண்டாம்.

வேறு காவல் உண்டா? உண்டு. தொலைவில் தேட வேண்டாம். தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. கடனா நதி வந்து கலக்கும் இடத்தருகே திருப்புடைமருதூர் என்னும் சிற்றூர். ஊர்ப் பெயரிலேயே மருதமரம். அங்கே மருதமும் இலுப்பையும் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவ்வூர் மக்கள் பறவைகளையும் மரங்களையும் காத்து வந்தார்கள். காத்ததோடு நின்றிருந்தால், இன்னோர் ஊரின் பழங்கதையாக அது முடிந்திருக்கும். அவர்கள் அரசிடம் சென்று, “இந்த இடத்தைச் சட்டத்தின் காவலுக்குள் கொண்டு வாருங்கள்” என்று கேட்டார்கள். 2002-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, ‘பாதுகாப்புக் காப்பகம்’ என்னும் புதிய வகையைச் சேர்த்திருந்தார்கள். அவ்வூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே அரசு அதை அறிவிக்க வேண்டும். அதன் மேலாண்மைக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதி இருந்தே ஆகவேண்டும். அந்தச் சட்டத்தின்கீழ் 2005-இல் திருப்புடைமருதூர் அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே முதன்முதலில் இத்தகுதி பெற்ற இடங்களுள் அது ஒன்று. பரப்பு எவ்வளவு? ஏறத்தாழ ஏழு ஏக்கர்!

ஏழு ஏக்கர்தானே என்று இகழாதே, தோழனே. அந்த ஊரிலும் கோயில் இருக்கிறது. மருதம் அங்கே தலமரமும் ஆகும். சாமியே போதுமென்றால் சட்டத்தை ஏன் நாட வேண்டும்? சாமி இருக்கும்போதே மனுக் கொடுத்தார்களே, அங்கேதான் இருக்கிறது அவர்களின் அறிவு! வணங்குவோர் வணங்கட்டும், எல்லைக்கல்லும் குழுவும் ஏடும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தையும் பாருங்கள். மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து நிரப்பும் குளம். குளத்துக்குள் கருவேலமரங்கள்; ஊருக்குள் வேம்பும் புளியும். நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டுக் கொல்லைப்புறத்து மரங்களிலேயே கூடு கட்டும். எச்சம் விழும், நாற்றம் அடிக்கும், மரத்தின் பலன் குறையும். ஆயினும் கிளையை வெட்டுவதில்லை. பறவை அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன என்பதை உழவன் கண்டறிந்தான். பறவை வந்தால் நல்லகாலம் பிறக்கும் என்று சொல்வோரும் அங்கே உண்டு. நம்பிக்கை தொடங்கி வைத்திருக்கலாம். நிலைக்க வைத்தது கண்கண்ட பயன். 1994-இல் அது பறவைகள் காப்பிடமானது; 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியது. அணை திறந்தால் குளம் நிறையும்; குளம் நிறைந்தால் மரத்தில் கூடு நிறையும்; மணிமுத்தாறு வறண்டால் மந்திரம் ஓதினாலும் நாரை வராது. காரணமும் காரியமும் இப்படிக் கைகோத்து நிற்கையில், இடையிலே இறைவனுக்கு என்ன வேலை?

பக்தர் நகர்கிறார். அடுத்து வருகிறார் அதிகாரியின் குரலில் பேசுபவர். “ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நடுகிறோம். ஒன்றுக்குப் பத்து! இன்னும் என்ன வேண்டும்?” என்கிறார்.

ஒன்றுக்குப் பத்து! கேட்கக் காதுக்கு இனிக்கிறது. கிழவனைக் கொன்றுவிட்டுப் பத்துக் குழந்தைகளைத் தொட்டிலில் இட்டோம் என்றால், கிழவன் உழுத நிலத்தை நாளைக் காலையிலே அந்தக் குழந்தைகள் உழுமா? சித்திரை வெயிலில் பேருந்துக்கு நிற்கும் பாட்டிக்கு, முழங்கால் உயரக் கன்று பத்தல்ல, நூறு நட்டாலும் நிழல் ஏது? அந்தக் கன்றுகளும் பிழைத்தால் அல்லவா! நடுவிழாவுக்கு மேடை உண்டு, மாலை உண்டு, படம் பிடிப்போர் உண்டு. நட்ட மறுவாரம் தண்ணீர் ஊற்ற யார் உண்டு? அடுத்த ஆண்டு அதே குழி, அதே விழா, வேறு கன்று! குழி மட்டும்தான் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து வருகிறது.

மரத்தின் மதிப்பைக் கணக்கிட உச்சநீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு 2021-இல் ஒரு கணக்குச் சொன்னது: மரத்தின் வயது ஒவ்வோர் ஆண்டுக்கும் 74,500 ரூபாய். அந்தக் கணக்கின்படி நூறு வயது மருதம் ஒன்றின் மதிப்பு 74 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அந்தத் தொகை மிகை என்று வாதிடுவோர் வாதிடட்டும், பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும், நான்கில் ஒன்றாகவே வைத்துக்கொள்ளட்டும். அப்போதும் விறகு விலைக்கு ஏலம் போடுவது எந்த ஊர் நியாயம்?

கர்நாடகத்திலே ஹுளிகல் என்னும் சிற்றூரில் திம்மக்கா என்னும் அம்மையார் இருந்தார். கூலி வேலை செய்தவர். பள்ளி வாசலை மிதியாதவர். பிள்ளை இல்லை என்று ஊர் பழித்த பெண். கணவரோடு சேர்ந்து நான்கு கிலோமீட்டர்ச் சாலையோரத்தில் 385 ஆலமரங்களை வளர்த்தார். நட்டார் என்று சொல்லவில்லை, வளர்த்தார் என்கிறோம். குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்தார். ஆடுமாடு மேயாமல் முள்வேலி கட்டினார். 2019-இல் பத்மஸ்ரீ விருது தந்தார்கள். அதே 2019-இல், சாலையை அகலப்படுத்தும் திட்டம் அந்த ஆலமரங்களையே நெருங்கியது. ‘என் மரங்களை விட்டுவிடுங்கள்’ என்று அந்த மூதாட்டி அரசிடம் முறையிட வேண்டி வந்தது. கையிலே விருது, மரத்தின் கழுத்திலே கத்தி! தனி ஒருவரின் தியாகமும் மரத்துக்குப் போதிய காவல் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டு அதிகாரம்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்னும் நகரம். தெருக்களைச் செப்பனிட 2012-இல் ஒரு நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தது நகராட்சி. 17,500 தெருமரங்களை மாற்றும் இலக்கு அந்த ஒப்பந்தத்துக்குள் இருந்தது. மக்களுக்கு அது பிந்தித்தான் தெரியவந்தது. 2016 நவம்பரில் ஒருநாள், பொழுது விடியுமுன்பே ஆட்களும் காவலர்களும் வந்து ஒரு தெருவின் மரங்களை வெட்டினார்கள்; தடுத்து நின்ற மூதாட்டிகளைக் கைது செய்தார்கள். மக்கள் அஞ்சவில்லை. தெருத்தெருவாய் மரங்களை எண்ணினார்கள்; எந்த மரம் நோயுற்றது, எது நலமாய் உள்ளது என்று வல்லுநரைக் கேட்டறிந்தார்கள்; ஒப்பந்தத்தை வெளியிடு என்றார்கள். ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்த பிறகு வெட்டு நின்றது. 2023-இல் விசாரணை அறிக்கை நகராட்சியின் தவறுகளை அடுக்கியது. நகராட்சி மன்னிப்புக் கேட்டது. அங்கே வென்றது அழுகை அன்று, கணக்கு!

இங்கேயும் கருவி இல்லாமல் இல்லை. பொது இடத்து மரங்களை வெட்டுவதை ஒழுங்குபடுத்த மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்களைத் தமிழ்நாடு அரசு 2021-இல் அமைத்தது. அதே ஆண்டு, பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியும் ஒரு குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உன் ஊராட்சியில் அந்தப் பதிவேட்டை நீ பார்த்ததுண்டா, தோழனே? கேட்டதுண்டா? சட்டம் அலமாரியில் உறங்குகிறது என்று நாம் குறைகூறுகிறோம். தட்டி எழுப்ப வேண்டிய நாமும் உறங்கவில்லையா?

இப்போது மூன்றாமவர் வருகிறார். அவர் அயலார் அல்லர், நாம்தாம்! “அது சர்க்கார் மரம், நமக்கென்ன?” என்பது அவர் வாதம். சர்க்கார் மரம் என்றால் ஆணி அடிக்கலாம். குப்பையைக் குவித்து அடியிலே தீ வைக்கலாம். கடையின் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்றால் இரவோடு இரவாகத் துளையிட்டு நஞ்சை ஊற்றலாம். ‘அழகுபடுத்துகிறோம்’ என்று அடியைச் சுற்றிக் காற்றும் நீரும் புகாமல் சிமெண்டு பூசலாம். மருந்துக்கென்று மருதம்பட்டையைச் சுற்றிவர உரிப்பவர் அறிவாரா, இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை அந்தப் பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது என்று? முழுச்சுற்றாய் உரித்தால் வேர் பட்டினி கிடந்து மடியும். வேர் மடிந்தால் மரம் மடியும். ஆணி துளைத்த காயத்தின் வழியே பூஞ்சை நுழையும், உள்ளே உளுக்கும், ஒருநாள் காற்றில் கிளை முறிந்து ஒருவன் தலையில் விழும். பிறகு, ‘ஆபத்தான மரம், வெட்டு’ என்பார்கள். ஆபத்தாக்கியவன் யார்?

வேதனையோடு ஒன்றைச் சொல்கிறோம். அந்த ஆணிகளில் நம் ஆணியும் இருக்கிறது. மாநாட்டு விளம்பரத் தட்டியைத் தாங்கி நிற்கும் வேப்பமரத்தைக் கண்டோம். தட்டியில் ‘பகுத்தறிவு’ என்று எழுதியிருந்தது! பொதுவுடைமையைப் பொதுவிலேயே குத்திக் கிழித்துவிட்டு, மேடையில் ஏறிப் பொதுநலம் பேசினால் எவன் நம்புவான்? கள்ளுக்கு எதிரான போராட்டத்தின்போது பெரியார் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டினார் என்று பெருமையோடு பேசுகிறோம். அவர் வெட்டியது தம் சொத்தை. ஏற்றது தம் இழப்பை. ஊரார் மரத்தில் ஆணி அடிக்க அதிலிருந்து உரிமைச்சீட்டு எழுதிக்கொள்ள முடியாது. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும், குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு புறப்படு. முதலில் நம் ஆணிகளைப் பிடுங்கு. பிறகு பிறர் ஆணிகளைப் பற்றிப் பேசு.

“ஊர் காக்க வேண்டும் என்கிறீர்களே, எந்த ஊர்?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆலமரத்தடியிலே சாதிப் பஞ்சாயத்துக் கூட்டி, காலனித் தெருவுக்குத் தண்டம் விதித்ததும் ‘ஊர்’ என்ற பெயரில்தான். மரத்தடி மேடையில் இன்னார் உட்காரலாம், இன்னார் கைகட்டி நிற்க வேண்டும் என்றதும் அந்த ‘ஊர்’தான். நம் மாவட்டத்திலே மின்கம்பத்துக்கும் மரத்துக்கும் சாதிக்கொரு வண்ணம் பூசிவைக்கும் இழிவு இருக்கிறது. அதிகாரிகள் அழிக்க அழிக்க மீண்டும் பூசுகிறார்கள். நாரைக் குஞ்சுக்கு இரங்கும் கூந்தன்குளம் இருக்கும் அதே வட்டத்திலே, நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனைச் சாதிவெறி வீடு புகுந்து வெட்டியது. பறவைக்கு இரங்கிய நெஞ்சு பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு இரங்காத மண்ணில், மரத்தின் நிழல் மட்டும் எல்லார்மேலும் ஒன்றுபோல் விழும் என்று எண்ணிவிட முடியுமா?

ஆகவேதான் சொல்கிறோம்: மரத்தைக் காக்கும் ஊர் பழைய ஊராக இருக்க முடியாது. நாட்டாமை ஊர் அன்று, கிராமசபை ஊர்! சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய சபை. அங்கே வாக்காளர் ஒவ்வொருவருக்கும் ஒரே குரல். தோப்பு உடையவனுக்கும் சுள்ளி பொறுக்குபவளுக்கும் ஒரே குரல். சாலையோரப் புளியின் மகசூல் ஏலத்திலும், குளத்துக் கருவேல ஏலத்திலும், வலுத்தவன் கை ஓங்கி இளைத்தவன் வாய் அடைபடுகிறது. அதை உடைக்க, ஏலம் எப்போது, யார் எடுத்தார், எவ்வளவுக்கு, பணம் எங்கே என்று எல்லார் முன்னும் படிக்கப்பட வேண்டும்.

என்ன செய்யலாம்? வானத்தை வில்லாய் வளைக்கச் சொல்லவில்லை. ஓர் ஏடு வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகளையும், மேய்ச்சலுக்குப் போகும் முதியவரையும், விறகு பொறுக்கும் பெண்களையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். மரத்தை நம்மைவிட அறிந்தவர்கள் அவர்களே. சாலை, குளக்கரை, ஆற்றங்கரை, மந்தை, பள்ளி, சுடுகாடு என்று ஊர் எல்லைக்குள் நிற்கும் பொதுமரம் ஒவ்வொன்றையும் எண்ணுங்கள். வகை என்ன, மார்பளவு உயரத்தில் சுற்றளவு எவ்வளவு, எங்கே காயம், எங்கே பொந்து, எந்தப் பறவை தங்குகிறது என்று எழுதுங்கள். அடுத்த கிராமசபையில் அதைப் படித்து, தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஒரு படி பல்லுயிர்ப் பதிவேட்டில் சேரட்டும். ஒரு படி ஆட்சியர் அலுவலகம் செல்லட்டும். ஒரு படி ஊர்ப் படிப்பகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். மரத்தின் பலனில் வரும் பணத்தில் ஒரு பங்கைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் கூலிக்கென ஒதுக்குங்கள். இலவசமாய்த் தொண்டு செய் என்று ஏழையிடம் கேட்பது அறமன்று. நட்ட கணக்கை விழா நாளில் கேட்காதீர்கள். மூன்று கோடை கழித்துப் பிழைத்த கணக்கைக் கேளுங்கள்.

வெட்டவே கூடாது என்றும் சொல்ல மாட்டோம். அதுவும் ஒரு புதிய பூசை! உள்ளே உளுத்துப் பள்ளிக்கூடத்தின்மேல் சாய்ந்து நிற்கும் மரத்தை, அறிந்தவர் சோதித்துச் சொன்னால், வெட்டத்தான் வேண்டும். குளங்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தை அகற்றச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் ஆணையிட்டதை அறிவோம். நாரை கூடு கட்டும் நாட்டுக் கருவேலத்துக்கும் நாட்டை அடைத்த சீமைக் கருவேலத்துக்கும் வேறுபாடு தெரியாமல் வெட்டுபவனும் அறிவிலி, காப்பவனும் அறிவிலி. மின்கம்பிக்கு இடையூறு என்றால் இடையூறான கிளையை அளவறிந்து கழிக்க வேண்டும். மரத்தையே மொட்டையடித்தால், வெட்டிய இடத்தில் பிடிப்பில்லாத தளிர்கள் கொத்தாய்க் கிளம்பி அடுத்த காற்றில் முறிந்து விழும். எதை, எப்போது, எவ்வளவு, ஏன் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஏட்டில் விடை எழுதிவிட்டு வெட்டினால் அது பராமரிப்பு. விடை எழுதாமல் வெட்டினால் அது திருட்டு.

2023 டிசம்பரில் வந்த வெள்ளத்தைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. மரம் இருந்திருந்தால் அந்த வெள்ளமே வந்திராது என்று கதை அளக்க மாட்டோம். அத்தனை மழையை எந்த மரமும் தடுக்காது. ஆனால் வேர் பற்றிய கரைக்கும் மணல் வாரிய வெறுங்கரைக்கும் வேறுபாடு உண்டு என்பதை ஆற்றங்கரை உழவனுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த வெள்ளம் வரும். அடுத்த கோடையும் வரும். இரண்டுக்கும் இடையே இருக்கும் காலம்தான் நம் கையில் உள்ள காலம்.

பொதிகையிலே பிறக்கும் இந்த ஆறு, மருதூர் அணையைத் தாண்டி, புன்னைக்காயலிலே கடலைச் சேர்கிறது. இடையிலே மருதம், முடிவிலே புன்னை, இரண்டும் மரங்களின் பெயர்கள்! நற்றிணையிலே ஒரு பெண் வருகிறாள். அவள் அன்னை சிறுமியாய் விளையாடியபோது மணலில் புதைத்து மறந்த விதை முளைத்துப் புன்னையாகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். பின்னாளில் அன்னை மகளிடம், ‘இந்தப் புன்னை உன் உடன்பிறப்பு’ என்கிறாள். மகளோ, அந்த மரத்தின் முன்னே காதலனோடு சிரித்துப் பேசவும் நாணுகிறாள். ஒருபுறம் நன்னனின் மா. மறுபுறம் இந்தப் பெண்ணின் புன்னை. அங்கே அச்சம், இங்கே உறவு. அங்கே அரசன் உடைமை. இங்கே குடும்பத்தில் ஒரு பேர். எந்த மரபின் வழித்தோன்றல்கள் நாம் என்பதை நாமே தேர்ந்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தில் ஒரு பேர் என்றால், குடும்ப அட்டையில் பெயர் ஏறவேண்டும் அல்லவா? ஆகவே, தோழர்களே, கோடரிக்காரன் வண்ணக் கிண்ணத்தோடு வருமுன் நாம் புறப்படுவோம். பட்டையைச் சீவ வேண்டாம். ஆணி அடிக்க வேண்டாம். ஏட்டிலே எழுதினால் போதும். அடுத்த கிராமசபைக்குள் உன் ஊரின் முதல் மரத்துக்கு முதல் எண் உன் கையால் விழட்டும்.

சாவதற்காக அவர்கள் எழுதும் எண்ணுக்கு முன்னால், வாழ்வதற்காக நாம் ஓர் எண் எழுதுவோம்!